பல் எங்கே இருக்கிறது

சீடருக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு நாற்பத்தொன்று. அந்தச் சொற்களை அவர்கள் ஒருநாளும் உபயோகித்ததில்லை. சிவசைலம் அவரை மேடம் என்றார். ஹெப்சிபா இவரை சார் என்றார். இரண்டு பேரும் பல் டாக்டர்கள்.

ஹெப்சிபாவின் கிளினிக் நாகர்கோவிலில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் இருந்தது. 'தாடை மூட்டு சிகிச்சை' என்று போர்டு. கேபிள்காரர்கள் சுருட்டிக் கட்டிவிட்டுப் போன வயர், 'தாடை'யை மட்டும் மறைத்துக்கொண்டு தொங்கியது. அதனால் தினமும் யாராவது முழங்காலைப் பிடித்தபடி மாடி ஏறி வந்தார்கள். ஏறி முடித்தபின் இது பல் ஆஸ்பத்திரி என்று சொன்னால் கோபப்பட்டார்கள்.

"கேபிள்காரனுக்கு ஒரு போன் போடுங்க மேடம்."

"போட்டாச்சு. அவனுக்கும் முட்டு வலியாம். ஏணியில ஏற முடியாதாம்."

ஹெப்சிபா பொறுமைக்குப் பெயர்போனவர் அல்ல. நோயாளி பேசும்போது மட்டும் பொறுமையாக இருப்பார். மற்ற நேரத்தில் கதவைச் சற்று ஓங்கியே சாத்துவார்.

சிவசைலத்துக்கு அம்பாசமுத்திரத்தில் சொந்த கிளினிக். தாடை வலி என்று யார் வந்தாலும் ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் இடிக்கிற இடத்தில் நீலமாகப் புள்ளி விழும். பல் தேய்க்கும் கருவியான ஏரோட்டரை எடுத்து அந்தப் புள்ளியைத் தேய்ப்பார். வந்தவர்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டு, தேவலை என்று போவார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். இப்போது வேறு பல்லில் புள்ளி. தேய்த்தார். மறுபடியும் வந்தார்கள். எதற்காக வருகிறார்கள் என்று புரியாத எரிச்சலில்தான் வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறி இங்கே வந்துகொண்டிருந்தார்.

முதல் நாளே கேட்டுவிட்டார்.

"எந்த இடத்தில தேய்க்கணும்னு நீங்க எப்படி மேடம் கண்டுபிடிக்கீங்க?"

அப்போது இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் முறுக்கு இருந்தது.

"சாருக்கு வலப் பக்கம் டக்குன்னு ஒரு சத்தம் கேக்குதே. ரொம்ப வருசமா இருக்கா?"

"எனக்கா? அது முறுக்கு மேடம்."

"முறுக்கை முழுங்கின பிறகும் கேட்டுது."

சிவசைலம் டம்ளரைக் கீழே வைத்தார். ஹெப்சிபா இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து அவர் முன்னால் போட்டார். ஸ்டிக்கர் பொட்டு. சிவப்பு, நடுத்தர அளவு.

ஹெப்சிபா பொட்டு வைப்பதில்லை. சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். ஆனால் எதிர்ப்புற ஃபேன்சி ஸ்டோரில் டஜன் கணக்கில் பொட்டு அட்டை வாங்குவது அவர்தான். கடைக்காரர் ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

"கண்ணாடி, வண்டி, போன், கண்ணு போற எல்லா இடத்திலயும் ஒட்டணும். பொட்டைப் பாக்கும்போதெல்லாம் பல் எங்கே இருக்குன்னு கவனிக்கணும். சாப்பிடாத நேரத்தில மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணையொண்ணு தொடக் கூடாது. உதடு மூடியிருக்கலாம். உள்ளே பல் விலகியிருக்கணும்."

"சரி, நோயாளிகளுக்குச் சொல்லுதேன்."

"நான் உங்களுக்குச் சொன்னேன்."

"மேடம், நான் டாக்டர்."

ஹெப்சிபா மீதி முறுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

சிவசைலம் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். இவ்வளவு பெரிய பொட்டை யார் வைப்பார்கள் என்று அவள் அதைப் பூஜை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டாள்.

*

மீன்பிடித் தடைக்காலம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது சூசைமரியான் வந்தார். கடற்கரைக்காரர். அகன்ற நெஞ்சு, கனத்த கழுத்து. கூட அவர் மனைவி அல்போன்சாள்.

"எங்க ஆளுக்கு வாய் தொறக்க மாட்டேங்கு டாக்டரம்மா."

"அவரே சொல்லட்டும்மா."

"சொல்லுவாரு. வாயைத் தொறக்காம சொல்லுவாரு. உங்களுக்கு வெளங்காது."

"வெளங்கும்," என்றார் சூசைமரியான், பல் இடுக்கு வழியாக.

முதலில் காது டாக்டரிடம் போயிருக்கிறார்கள். அவர் சொட்டு மருந்து கொடுத்தார். நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டு நாற்காலியிலேயே தூங்கினாராம். பிறகு ஒரு பல் டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார்.

"பிடுங்கிக் கையில தந்தாரு. நல்ல பல்லு டாக்டரம்மா. ஒரு ஓட்டை கிடையாது. வீட்டுல மாதா படத்துக்கு முன்னால வச்சிருக்கேன்."

ஹெப்சிபா மூச்சை இழுத்து விட்டார். "உங்க கையில மூணு விரலை அடுக்கி வாய்க்குள்ள விடுங்க."

இரண்டு விரல்தான் போயிற்று. மூன்றாவதை நுழைக்கப் பார்த்தபோது அவர் கண்ணில் நீர் வந்தது.

ஹெப்சிபா அவருடைய இரண்டு காதுக்கும் முன்னால் விரல் வைத்துக்கொண்டு மெல்ல வாயைத் திறக்கச் சொன்னார். தாடை நேராக இறங்காமல் இடப் பக்கம் சாய்ந்தது. கன்னத்துச் சதை கல் மாதிரி இருந்தது.

"முன்னால சத்தம் வருமா?"

"டக்கு டக்குன்னு வரும். இப்ப வரல்ல."

"அது நல்லதுதான்," என்றார் சிவசைலம்.

ஹெப்சிபா அவரைத் திரும்பிப் பார்த்தார். "சார், சத்தம் நின்னா குணமாச்சுன்னு அர்த்தமில்ல. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில ஒரு மெத்தை இருக்கு. இவ்வளவு நாள் அது நழுவி நழுவித் திரும்ப வந்துட்டிருந்தது. அதுதான் சத்தம். இப்ப நழுவினது திரும்பி வரல்ல." பிறகு அல்போன்சாளிடம் சொன்னார். "கதவுக்கு அடியில துணி சிக்கின மாதிரி."

"துணிய உருவிர வேண்டியதுதானே?"

"கதவை உதைச்சா துணி இன்னும் இறுகும்மா."

வெதுவெதுப்பான துணியால் ஒற்றடம். கஞ்சி, இட்லி, குழைந்த சோறு. கையை வைத்துக்கொண்டு மெல்லத் திறந்து மூடும் பயிற்சி. தூங்கும்போது மேல்பல்லில் மாட்ட ஒரு தட்டு. அதற்காக ஹெப்சிபா பல்லுக்கு மாவு வைத்து அளவு எடுத்தார். கடைசியில் இழுப்பறையிலிருந்து பொட்டு அட்டை.

சூசைமரியான் அட்டையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீடு பூரா பொட்டு ஒட்டுனா பங்குச் சாமியாரு என்ன நினைப்பாரு?" என்றாள் அல்போன்சாள்.

"அவருக்கும் ஒரு அட்டை தாறேன். எப்ப பாத்தாலும் பல்லைக் கடிச்சிட்டுத்தான் இருப்பாரு."

"எப்ப சரியாகும் டாக்டரம்மா?"

"மாசக்கணக்கா ஆகலாம்."

சூசைமரியான் எழுந்துவிட்டார். அல்போன்சாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். பிறகு அவள்தான் சொன்னாள். அவர் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். தடை முடிந்து முதல் விசைப்படகு கரைக்கு வரும்போது யார் ஏலம் கூறுகிறாரோ அவருக்குத்தான் அந்த வருசம் முழுக்க. அது அவர்கள் ஊர் வழக்கம். யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மாற்றியதும் இல்லை.

"எனக்க கூடப்பிறந்த தம்பியே போட்டிக்கு நிக்கான் டாக்டரம்மா. ஸ்பீக்கர் வாங்கி வச்சிட்டு நிக்கான். வீட்டு மொட்டை மாடியில ஏறி, ஒரு தரம், ரெண்டு தரம்னு சோதனை பண்ணுதான். இவரு கீழ நின்னு கேட்டுட்டு இருக்காரு."

"மைக் இல்லாம," என்றார் சூசைமரியான். "பதினெட்டு வருசம்." அதற்குமேல் வாய் இடம் கொடுக்கவில்லை.

ஹெப்சிபா கையுறையைக் கழற்றினார். "மிச்ச விவரத்தை சார் கேட்டு எழுதிக்கிடுவாரு."

சிவசைலம் நிறையக் கேட்டார். என்ன சாப்பிடுவீர்கள், வெற்றிலை போடுவீர்களா, எந்தப் பக்கம் மெல்லுவீர்கள், அடிபட்டதுண்டா, ஏலம் எவ்வளவு நேரம் நடக்கும், எவ்வளவு சத்தமாக. கேட்டுக்கொண்டே வந்தபோது அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. படிவரைக்கும் கூடப் போனார்.

"பதினெட்டு வருசக் கத்தல். அதான் மூட்டு தேஞ்சு போச்சு. மேடம் சொன்னதைச் செய்யுங்க. கூட இன்னொண்ணு நான் சொல்லுதேன். பேசாதீங்க. ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாய்க்கு முழு ஓய்வு."

சூசைமரியான் கும்பிட்டார். ஒருவராவது ஏதோ ஒன்றை உறுதியாகச் சொன்னாரே என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

*

அடுத்த வாரம் வந்தபோது இரண்டு விரலும் சரியாகப் போகவில்லை.

ஹெப்சிபா அந்த நேரம் கீழே தெருவில் இருந்தார். கேபிள்காரன் ஒருவழியாக ஏணியோடு வந்திருந்தான். வந்தவன் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு வயரை அதே இடத்தில் கட்டப் பார்த்தான். அவர் குரல் மாடிவரை கேட்டது.

"பேசாதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க," என்றாள் அல்போன்சாள். "பேசல்ல. வீட்டுல பிளேட்டைத் தட்டுதாரு. சோறு வேணும்னா ஒரு தட்டு. குழம்புன்னா ரெண்டு தட்டு. மீன் முள்ளு எடுத்துக் குடுக்கணும்னா, தட்டிக்கிட்டே இருக்காரு. எனக்குக் கோட்டி பிடிக்கு. ராத்திரி உறக்கத்துல பல்லை நறநறன்னு அரைக்காரு. அம்மியில தேங்கா அரைக்க மாதிரி. நீங்க செஞ்சு தந்த பல் தட்டை மாட்டினா கொஞ்சம் குறையும். காலையில அதை எடுத்ததும் கடிக்க ஆரம்பிச்சிருதாரு."

"பொட்டு ஒட்டினீங்களா?"

"ஒட்டாம? பிரிட்ஜுல, டிவியில, கண்ணாடியில. எனக்க தம்பிக்க ஸ்பீக்கர்லயும் ஒண்ணு ஒட்டிட்டு வந்திருக்காரு. அதைப் பாத்தா இன்னும் கடிக்காரு."

சூசைமரியான் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினார். வலப் பக்கக் கீழ்க் கடைவாய்.

"இது," என்றார், "இடிக்கு."

சிவசைலத்துக்கு உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. எத்தனை வாரமாக இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார். நீலத்தாளை இடுக்கியில் பிடித்து வைத்தார். சூசைமரியான் கடித்தார். திறந்தபோது, தொட்டுக் காட்டிய அதே பல்லில், மிளகளவில், அழுத்தமான நீலம்.

"பாத்தீங்களா," என்றார் சிவசைலம்.

"அதைக் கொஞ்சம் தேச்சிருங்க சார்," என்றாள் அல்போன்சாள். "பொட்டு, கஞ்சின்னு அந்த அம்மா நாளைக் கடத்துதாங்க. திங்கக்கெழமை போட் எறங்குது. உங்களப் பாத்தா அனுபவஸ்தரு மாதிரி இருக்கு. உங்களுக்குத் தெரியாததா?"

சூசைமரியான் கையைக் கூப்பினார்.

கீழே ஹெப்சிபா, 'தாடை, தாடை, அந்தத் தாடை தெரியணும்' என்று கத்திக்கொண்டிருந்தார்.

தேய்க்கிற அளவு ஒரு நகப்பூச்சுக் கனம்கூட இருக்காது. யாருக்கும் தெரியாது. சிவசைலம் மிதியில் காலை வைத்தார். கொக்கியிலிருந்து ஏரோட்டரை எடுத்தார். விளக்கை இழுத்துச் சரிசெய்தார். ஏரோட்டரை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

அதன் கழுத்தில், அவர் கட்டைவிரல் படுகிற இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

பழைய பொட்டு. ஓரம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பல தடவை துடைத்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் இங்கே வந்ததிலிருந்து இந்த ஏரோட்டரைக் கையில் எடுத்ததே இல்லை. இன்றுதான் முதல்முறை.

அவர் பல் எங்கே இருந்தது என்பது அப்போது அவருக்குத் தெரிந்தது. மேலும் கீழும் இறுகக் கவ்வியிருந்தது. கன்னம் வலித்தது. காதுக்குள் இரைந்தது. எப்போதிருந்து வலிக்கிறது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தார்.

டக்.

சூசைமரியானின் கண்கள் விரிந்தன. "டாக்டர் சாருக்கும் இருக்கா?" என்றார்.

சிவசைலம் ஏரோட்டரைக் கொக்கியில் மாட்டினார்.

*

ஹெப்சிபா வேர்வையோடு மேலே வந்தார். போர்டில் இப்போது தாடை தெரிந்தது. ஆனால் 'சிகிச்சை' மறைந்துவிட்டது. அதைப் பற்றி அவர் பேச விரும்பவில்லை.

விளக்கு இழுபட்டிருப்பதையும் தட்டில் நீலத்தாள் கிடப்பதையும் பார்த்தார்.

"தேச்சாச்சா?"

"இல்ல." சிவசைலத்தின் குரல் உயர்ந்தது. "மேடம், ஏரோட்டர்ல பொட்டு ஒட்டினது நீங்களா?"

"ஆமா."

"எப்ப?"

"நீங்க வந்த மொத நாளு. நீங்க போன பிறகு."

"என்னைச் சோதிச்சீங்களா?"

"இல்ல. உங்க கண்ணு போற இடம் அதுதான்."

சிவசைலத்துக்கு முகம் சிவந்தது. "இந்தப் பல்லு இடிக்குன்னு அவரே சொல்லுதாரு. நீலம் விழுந்திருக்கு. கண் முன்னால இருக்கு. தேய்க்கவும் விட மாட்டீங்க, வேற வழியும் சொல்ல மாட்டீங்க. மனுசனுக்குத் திங்கக்கெழமை பொழைப்பு போகுது. நான் இங்க வந்து என்னத்தைத்தான் படிச்சேன்?"

"உக்காருங்க."

"எதுக்கு?"

"உக்காருங்க சார்."

அவர் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெப்சிபா புதிய நீலத்தாளை அவர் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தார். ஹெப்சிபா அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். இரண்டு புள்ளி, வலப் பக்கம். பஞ்சால் துடைத்தார். நாற்காலியைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்துக் கடிக்கச் சொன்னார். புள்ளி பின் பல்லுக்குப் போயிருந்தது. துடைத்தார். நிமிர்த்தினார்.

"உங்க கிளினிக்குக்குத் திரும்பத் திரும்ப வந்தவங்கள்ல ஒருத்தரை நினைச்சுக்கிடுங்க."

சிவசைலத்துக்கு நினைக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாத்தியாரம்மா. ஒவ்வொரு தடவையும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்பார்.

"கடிங்க."

கடித்தார். கண்ணாடியில் பார்த்தார். இடப் பக்கம் மூன்று பல்லில் கரி பூசியது போல நீலம்.

"எதைத் தேய்க்கட்டும்?" என்றார் ஹெப்சிபா.

சிவசைலம் கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை. தன் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அல்போன்சாள் பொறுமை இழந்தாள். "ரெண்டு டாக்டரும் மாறி மாறி வைத்தியம் பாத்துக்கிடுதீங்க. எங்க ஆளு இங்க காத்துட்டு இருக்காரு."

ஹெப்சிபா சூசைமரியானின் பக்கம் திரும்பினார். "எந்த நாளு வாய் பூட்டுச்சு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டிருக்கவில்லை. காது டாக்டர் கேட்கவில்லை, நரம்பு டாக்டர் கேட்கவில்லை. சிவசைலம் தன் நோட்டைப் புரட்டினார். வெற்றிலை இருந்தது, மெல்லும் பக்கம் இருந்தது, இது இல்லை.

"தடை தொடங்கிப் பத்துப் பதினஞ்சு நாளு கழிச்சு," என்றாள் அல்போன்சாள்.

"அப்ப ஏலம்?"

"தடையில ஏது ஏலம்? போட்டெல்லாம் கரையில கெடக்கு."

"அப்ப என்ன செய்திட்டு இருந்தாரு?"

"சும்மாத்தான். வாசல்ல நாற்காலியப் போட்டு கடலைப் பாத்துட்டு இருந்தாரு. தம்பி ஸ்பீக்கர் வாங்குன அன்னைக்குச் சாயங்காலம் டீயில ரஸ்கு தொட்டு வாய்க்குக் கொண்டுபோனாரு. போகல்ல."

சிவசைலம் நோட்டை மூடினார்.

"பதினெட்டு வருசம் கத்தினாரு," என்றார் ஹெப்சிபா. "ஒண்ணும் ஆகல்ல."

சிவசைலம் மிக மெதுவாகச் சொன்னார். "நான்தான் பேசாதீங்கன்னு சொன்னேன்."

"எப்ப?"

"படியில."

ஹெப்சிபா கதவைப் போய்ச் சாத்தினார். வழக்கம்போல ஓங்கியே. பிறகு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து சூசைமரியானின் இரண்டு கன்னத்திலும் வைத்தார். அது ஆறும்வரை காத்திருந்தார். மறுபடி வைத்தார். அலமாரியைத் திறந்து, சூசைமரியானின் பல்லை மாவில் அளவெடுத்து வார்த்த வெள்ளைப் பிளாஸ்டர் அச்சை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏலம் கூறுங்க."

"எதை?"

"இதை."

சூசைமரியான் தன் பற்களையே பார்த்தார்.

"சத்தம் வேண்டாம். பக்கத்தில நிக்கவங்களுக்குக் கேட்டாப் போதும். வாய் போற அளவுக்கு மட்டும் தொறங்க. அதுக்கு மேல போகாதீங்க." அவருடைய தாடைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"இதை எவன் வாங்குவான்?" என்றாள் அல்போன்சாள். "பிடுங்குன ஒரு பல்லே வீட்டுல கெடக்கு."

சூசைமரியான் தொண்டையைச் செருமினார். "நூறு," என்றார். குரல் கட்டியிருந்தது. "நூறு, நூறு. நூத்துப் பத்து யாரு?"

"நூத்துப் பத்து," என்றார் ஹெப்சிபா.

"நூத்துப் பத்து, பத்து, பத்து. பச்சை மீனு மாதிரி இருக்கு பாருங்க, கண்ணு கலங்கல்ல, செவுளு வெளுக்கல்ல. நூத்து இருபது?"

"உங்க பல்லுக்கு நூத்து இருபதா?" என்றாள் அல்போன்சாள். சிரிப்பை அடக்கினாள். "நூத்துப் பதினஞ்சு."

"வீட்டு ஆளு கேட்டா செல்லாது. டாக்டர் சாரு?"

சிவசைலம் உதட்டை இறுக்கி நின்றிருந்தார். அவருக்கு இது எதிலும் இஷ்டமில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான். இங்கே விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அதே நேரம் சூசைமரியானின் வாயிலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. எண் ஒவ்வொன்றுக்கும் தாடை இறங்கியது, ஏறியது, இறங்கியது. ஒரு தடவைகூடப் பல்லோடு பல் முட்டவில்லை. கன்னத்தில் கல்லாக இருந்த சதை மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

"நூத்தம்பது," என்றார் சிவசைலம், கோபத்தோடு.

"நூத்தம்பது, அம்பாசமுத்திரம் நூத்தம்பது. ஒரு தரம், ரெண்டு தரம்..." சூசைமரியான் நிறுத்தினார். கையை உயர்த்தி மூன்று விரலை அடுக்கி, யாரும் சொல்லாமலே வாய்க்குள் விட்டார். இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது விரல் பாதி நகம்வரை போய் நின்றது.

அல்போன்சாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவ்வளவுதான். அமுக்காதீங்க," என்றார் ஹெப்சிபா. "வீட்டுல தினமும் இப்படிக் கூறுங்க. அடுப்பு, நாற்காலி, எதையாவது. கூறாத நேரத்தில பொட்டைப் பாருங்க."

"ஸ்பீக்கரை ஏலம் போடட்டா?" என்றார் சூசைமரியான்.

*

திங்கட்கிழமை சாயங்காலம் அல்போன்சாள் போன் செய்தாள். கரையில் நின்றுகொண்டு. ஹெப்சிபா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். காற்று. அலை. நிறைய ஆட்கள் ஒரே நேரத்தில் பேசும் சத்தம்.

"மொத போட் வந்தாச்சு. அயிலை. தம்பி ஸ்பீக்கரைத் தூக்கிட்டு முன்னால வந்துட்டான் டாக்டரம்மா. இவரு கூடைப் பக்கத்துல போய் நிக்காரு."

பிறகு சூசைமரியானின் குரல் கேட்டது. தாழ்ந்த குரல். பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும். யாரோ, கேக்கல்ல, சத்தமா கூறும் என்று கத்தினார்கள். குரல் உயரவில்லை. அதே தாழ்ச்சியில் எண்களை அடுக்கிக்கொண்டே போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களின் பேச்சு அடங்கியது. விலை தெரிய வேண்டுமென்றால் வாயை மூட வேண்டியிருந்தது. கடைசியில் அலையும் அந்தக் குரலும் மட்டும் இருந்தன.

"...மூணு தரம்."

அல்போன்சாள் என்னவோ சொன்னாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"வருசம் அவருக்குத்தான்," என்றார் சிவசைலம். மேசையில் ஓங்கித் தட்டினார். "மேடம், வருசம் அவருக்குத்தான்!"

"கேக்கு சார்."

இரண்டாவது கூடை. சாளை. குரல் மறுபடி தொடங்கியது. எண்கள் ஏறின. ஏறிக்கொண்டே வந்து ஓர் எண்ணின் நடுவில் குரல் நின்றுவிட்டது.

சிவசைலம் போனை நோக்கிக் குனிந்தார்.

காற்று. அலை.

"என்ன ஆச்சு? அல்போன்சாம்மா? என்ன ஆச்சு?"

சிவசைலம் எழுந்துவிட்டார்.

"பூட்டிக்கிட்டு மேடம். மறுபடியும் பூட்டிக்கிட்டு. நான் அன்னைக்கே நினைச்சேன், பாதி நகம்தான் கூடிச்சு, அது போதாது. அந்தத் தட்டை மாத்தணுமா? ஊசி போடலாமா? இல்ல, அந்த ஒரு பல்லை மட்டும்... இப்ப நாம என்ன செய்யணும்? சொல்லுங்க மேடம். என்ன செய்யணும்?"

ஹெப்சிபா போனைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க பல் எங்கே இருக்கு சார்?"

சிவசைலம் இறுகியிருந்த பல்லை விலக்கினார். டக்.